அக்கா, தங்கை, ஆய்வகம்: மனமுறிவை வைத்துக் காதல் நகைச்சுவை நாவல் எழுதுவது எப்படி?

காதல் நகைச்சுவை நாவலில் சகோதரிகள் வருவது புதிதல்ல. அறிவியல் படித்த நாயகி வருவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து நடுவே ஒரு மனமுறிவையும் வைத்துவிட்டால் கதை தானாக நடந்துவிடும் என்று நம்பித் தொடங்கும் நாவல்கள் பெரும்பாலும் நூறாம் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன. மூன்றும் அருகருகே கிடக்கின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆய்வகம் வெறும் பின்னணித் திரை. அக்கா போனில் ஆறுதல் சொல்லும் ஒரு குரல். மனமுறிவு முதல் அத்தியாயத்திலேயே அழுது முடித்துவிட்ட பழைய கணக்கு.

மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்வோம். உமா பழ ஈக்களை வைத்து ஆய்வு செய்பவள். அவளுடைய அக்கா கோமதி கணக்குத் தணிக்கையாளர். உமாவைக் காதலித்துவிட்டு விலகிப்போனவன் ரகு. ஆய்வகத்தின் இன்குபேட்டரை, அதாவது வெப்பநிலையை மாறாமல் வைத்திருக்கும் பெட்டியை, பழுதுபார்க்க வருபவன் முரளி. இவ்வளவு பேர் போதும்.

முதல் படி: சகோதரிகளின் சண்டையை முதலில் எழுதுங்கள்

காதலர்கள் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை எழுத எல்லோருக்கும் கை துடிக்கும். அதைத் தள்ளி வையுங்கள். கதையின் முக்கால் பங்கு கடந்தபின் வரப்போகும் சகோதரிகளின் சண்டையை முதல் நாளே எழுதிவிடுங்கள். பிறகு திருத்தலாம், இடம் மாற்றலாம். அந்தக் காட்சி கையில் இருந்தால்தான் எந்த உண்மையை யார் யாரிடம் மறைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மறைப்பு தெரிந்துவிட்டால் அதற்கு முந்தைய ஒவ்வொரு காட்சியிலும் ஒரு கனம் கூடிவிடும்.

காதலனோடு வரும் சண்டைக்கு முடிவு என்ன என்று வாசகருக்கு முன்பே தெரியும். இந்த வகை நாவலின் ஒப்பந்தமே அதுதான்: மையத்தில் ஒரு காதல், கடைசியில் நம்பிக்கை தரும் முடிவு. ஆகவே காதலர்கள் பிரியும்போது வாசகருக்குப் பதற்றம் பாதிதான். சகோதரிகளைப் பற்றி அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை. அவர்கள் சேராமலே போகலாம். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உங்கள் மனமுறிவை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

நம் கதையில் மறைப்பு இது: உமாவை விட்டு விலகப்போவதாக ரகு முதலில் கோமதியிடம்தான் சொல்லியிருக்கிறான். கோமதி அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து உமாவுக்குத் தெரியவருகிறது. இரவு, ஆய்வகம். உமா நுண்ணோக்கியின் கீழ் மயக்கத்தில் கிடக்கும் ஈக்களைத் தூரிகை நுனியால் பிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் கோமதி. முதல் கேள்வி உமாவுடையது.

"எத்தனை நாள் முன்னால் உனக்குத் தெரியும்?"

"பதினேழு நாள்."

"சரியாகப் பதினேழா?"

"என் வேலை அப்படி. தேதி மனத்தில் நின்றுவிடும்."

உமா தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஓர் ஆண். இன்னோர் ஆண். ஒரு பெண். "பதினேழு நாளில் இந்த ஈக்களுக்குப் பேரப்பிள்ளைகளே முட்டையில் வந்துவிடும், அக்கா."

"அவன் மனத்தை மாற்றிக்கொள்வான் என்று நினைத்தேன்."

"முடிவு உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாய். எங்கள் துறையில் அதை மோசடி என்பார்கள்."

"எங்கள் துறையிலும் அப்படித்தான்" என்றாள் கோமதி. "உரிமமே போய்விடும்."

இருவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. உமாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. "என்னைச் சிரிக்க வைக்காதே. நான் இன்னும் கோபமாக இருக்கிறேன்."

இந்தச் சில வரிகளுக்குள் மூன்றும் வந்துவிடுகின்றன. ஆய்வகம் திரையாக இல்லை. உமாவின் கைகள் அதில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. கோபம் அறிவியலின் மொழியில் வெளிவருகிறது. பாதகமான முடிவுகளை வெளியிடாமல் வைத்துக்கொள்வது அறிவியலில் உண்மையாகவே உள்ள ஒரு நோய். அதைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் வசனத்தை நீங்கள் தேடிப்போக வேண்டியதில்லை.

ஒரு நிபந்தனை. மறைத்தவளுக்கும் நியாயம் இருக்க வேண்டும். கோமதி கெட்டவளாகிவிட்டால் சண்டை வெறும் விசாரணையாகிவிடும். அவள் சொல்லாததற்கு ஒரு பழைய காரணத்தைக் கொடுங்கள்: அவளும் ஒருகாலத்தில் காதலித்துக் கைவிடப்பட்டவள், அப்போது யாரோ முந்திக்கொண்டு அவளிடம் செய்தியைச் சொல்ல, அந்த முந்திய நாட்கள்தான் அவளுக்கு நரகமாக இருந்தன. தங்கைக்கு அந்த நாட்கள் வேண்டாம் என்று நினைத்தாள். வாசகர் இரண்டு பக்கமும் தலையாட்ட வேண்டும்.

இரண்டாம் படி: யார் அறிவாளி, யார் உணர்ச்சிவசப்படுபவள் என்ற பங்கீட்டைக் கலைத்துவிடுங்கள்

கண்ணாடி போட்டவள், சிரிக்காதவள், காதலை ரசாயன மாற்றம் என்று சொல்பவள் விஞ்ஞானி. துள்ளித் திரிபவள், அழுபவள், அறிவுரை சொல்பவள் சகோதரி. இந்த அச்சில் வார்த்த நாவல்கள் போதும் போதும் என்னும் அளவுக்கு வந்துவிட்டன. விஞ்ஞானிகளோடு பழகியவர்களுக்குத் தெரியும்: சோதனை பலிக்க வேண்டும் என்று குறிப்பிட்ட சட்டையை மட்டும் அணிந்துவரும் ஆட்களும் அவர்களில் உண்டு. ஐயமும் ஆசையும் ஒரே மண்டைக்குள் குடியிருப்பதுதான் அந்தத் தொழிலின் வேடிக்கை.

ஆகவே உமாவை அவசரக்காரியாக்குங்கள். ஈக்கள் விஷயத்தில் நூறு முறை சரிபார்ப்பாள். மனிதர்கள் விஷயத்தில் முதல் புன்னகையிலேயே முடிவுக்கு வந்துவிடுவாள். அறிவியலே படிக்காத கோமதிதான் ஆதாரம் கேட்பவள். "அவன் நல்லவன் என்பதற்கு ரசீது இருக்கிறதா?" என்று கேட்கக்கூடியவள். அறிவியல் மனப்பான்மை ஒருத்தியிடமும் அறிவியல் வேலை இன்னொருத்தியிடமும் இருந்தால் அவர்கள் பேச்சில் தானாகவே பொறி பறக்கும்.

உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதை உமா அறிவாள். "என்னில் பாதி எச்சரிக்கையாகத்தான் இருக்கிறது, அந்தப் பாதியை அவசரத்துக்கு எடுக்க முடிவதில்லை" என்று அவள் சொல்லட்டும். இப்படி ஒரு தகவலை வசனத்துக்குள் கரைத்தால் சுவை. அதையே ஒரு பத்தி நீளத்துக்கு விளக்கினால் பாடநூல்.

சகோதரிகளுக்கென்று ஒரு தனிமொழியும் வேண்டும். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மற்றவள் முடிப்பாள். சிறுவயதில் உடைத்த ஒரு பொருளின் பெயர் இன்றைக்கும் குற்றச்சாட்டாகப் பயன்படும். காரணம் கேட்காமல் பணம் கொடுப்பாள்; சட்டையைக் கேட்டால் மட்டும் காரணம் கேட்பாள். நம் அகப்பாடல்களில் தோழி செய்கிற வேலையைத்தான் இந்த நாவல்களில் சகோதரி செய்கிறாள். தலைவியின் நோய்க்குக் காரணம் அறிந்தவள் அவள். தலைவனை நேருக்கு நேர் கடிந்துகொள்ளும் உரிமையும் அவளுக்கு உண்டு. அந்த உரிமையைச் சகோதரிக்குக் கொடுங்கள். கோமதி முரளியைத் தனியே சந்தித்துக் கேள்வி கேட்கும் காட்சி இல்லாமல் இந்த நாவல் முழுமையாகாது.

மூன்றாம் படி: அறிவியலை ஒரு வேலையாகத் தேர்ந்தெடுங்கள்

பல எழுத்தாளர்கள் துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். "அவள் நரம்பியல் விஞ்ஞானி" என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் தெரிவதில்லை. காலை எட்டு மணிக்கு அவள் கையில் என்ன இருக்கிறது? எது கெட்டுப்போனால் அவளுக்குத் தூக்கம் போகும்? எந்த நேரத்துக்கு அவள் கட்டாயம் ஆய்வகத்தில் இருக்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய துறையைத்தான் எடுக்க வேண்டும்.

பழ ஈயை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. காதல் நகைச்சுவைக்கென்றே பிறந்த பூச்சி அது. ஆண் ஈ பெண்ணைப் பின்தொடரும், முன்காலால் தட்டும், ஒற்றைச் சிறகை விரித்து அதிரவைத்துப் பாடும். பெண்ணுக்கு விருப்பமில்லை என்றால் காலால் உதைக்கும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈயிடம் திரும்பத் திரும்ப உதை வாங்கிய ஆண், பிறகு விருப்பமுள்ள பெண்ணிடம் விட்டாலும் முன்போல ஆர்வம் காட்டுவதில்லை. இது 1979இல் சீகல், ஹால் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. ஒரு மணி நேரம் உதை வாங்கினால் அந்த நினைவு சில மணி நேரம் நிற்கும். பல மணி நேரம் வாங்கினால் பல நாட்கள் நிற்கும். உமா இதையேதான் ஆராய்கிறாள்: நிராகரிப்பு எவ்வளவு நேரம் நினைவில் தங்குகிறது?

இன்னொன்றும் உண்டு. 2012இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், நிராகரிக்கப்பட்ட ஆண் ஈக்களுக்குச் சாதாரண உணவும் மது கலந்த உணவும் சேர்த்துக் கொடுத்தார்கள். இணைசேர்ந்த ஈக்களைவிட அவை மதுவை அதிகம் நாடின. அவற்றின் மூளையில் நியூரோபெப்டைடு எஃப் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் பொருளின் அளவும் குறைந்திருந்தது. தோற்ற காதலன் குடிக்கும் காட்சியை நாம் எத்தனையோ முறை பார்த்துச் சலித்திருக்கிறோம். அதை மனிதனிடமிருந்து பிடுங்கி ஈயிடம் கொடுத்துவிடுங்கள். உமா ஒரு சொட்டுக் குடிக்க வேண்டாம். அவள் குப்பிக்குள் எட்டிப்பார்த்து, "உனக்காவது கிடைக்கிறது" என்று சொன்னால் போதும்.

இவற்றையெல்லாம்விடப் பயனுள்ளது கால நெருக்கடி. சோதனைகளுக்கு இன்னும் இணைசேராத பெண் ஈக்கள் தேவை. ஆய்வகங்களில் அவற்றை வெர்ஜின் என்றே சொல்வார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த பெண் ஈ, 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ எட்டு மணி நேரம்வரை இணைசேராது. அதற்குள் பிரித்தெடுத்துவிட வேண்டும்; தாமதித்தால் நம்ப முடியாது. 18 டிகிரியில் வைத்தால் அந்த அவகாசம் ஏறத்தாழ இரு மடங்காகும். அதனால்தான் இரவில் குப்பிகளைக் குளிர்ந்த இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த இரண்டு எண்களுக்குள் ஒரு நாவலே இருக்கிறது. உமா எந்த விருந்திலும் முழுதாக உட்கார முடியாது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஓட வேண்டும். ரகு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவள் நம்பலாம். ஒருநாள் இரவு இன்குபேட்டரின் வெப்பநிலை ஏறிவிடுகிறது. காலையில் குப்பிகளில் இருக்கும் எந்தப் பெண் ஈயையும் நம்ப முடியாது. மூன்று வார உழைப்பு வீண். அப்போது கருவிப் பெட்டியோடு உள்ளே வருகிறான் முரளி.

பாருங்கள், நாயகனின் வருகையைத் தற்செயலிடம் விட வேண்டிய தேவையே எழவில்லை. ஆய்வகத்தின் விதி அவனை அழைத்து வந்துவிட்டது. நீங்கள் வேறு துறையை எடுத்தாலும் இப்படி ஒரு விதியைக் கண்டுபிடியுங்கள். வானியல் என்றால் தொலைநோக்கிக்கு ஒதுக்கப்பட்ட இரவும் அன்று கூடும் மேகமும். வேதியியல் என்றால் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாத ஒரு வினை.

நான்காம் படி: மனமுறிவின் அறிவியலை எங்கே வைப்பது?

இதில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். மனமுறிவைப் பற்றி அறிவியல் சொல்லியிருப்பவை ஏராளம்; எல்லாவற்றையும் ஒரே அத்தியாயத்தில் கொட்டிவிடும் ஆசை எழும். முதலில் எவற்றை நம்பி எடுக்கலாம் என்று பார்ப்போம்.

2010இல் ஹெலன் ஃபிஷர் குழுவினர், அண்மையில் கைவிடப்பட்டும் இன்னும் காதலிலிருந்து மீளாத 15 பேரின் மூளையை, அதன் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியில் பார்த்தார்கள். விலகியவரின் புகைப்படத்தைக் காட்டியபோது, வெகுமதியையும் வேட்கையையும் சார்ந்த மூளைப்பகுதிகள் கிளர்ந்தன. கோகெய்ன் ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகளும் அவற்றில் இருந்தன. மறுஆண்டு ஈத்தன் கிராஸ் குழுவினர் 40 பேரிடம் இரண்டு வேதனைகளை ஒப்பிட்டார்கள்: பிரிந்த காதலரின் படத்தைப் பார்ப்பது ஒன்று, முன்கையில் வைக்கும் சூடு இன்னொன்று. இரண்டிலும் உடல் வலியோடு தொடர்புடைய சில பகுதிகள் பொதுவாகக் கிளர்ந்தன. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்த டகோட்சுபோ என்ற இதயப் பாதிப்பும் இருக்கிறது. கடும் அதிர்ச்சியின்போது இதயத்தின் இடது கீழறை பலவீனமாகிப் பலூன்போல உப்பிவிடுகிறது. நோயாளிகளில் பெரும்பான்மையினர் மாதவிடாய் நின்ற வயதைக் கடந்த பெண்கள். பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இதை வாசித்ததும் இளம் நாயகியை டகோட்சுபோவோடு மருத்துவமனையில் படுக்கவைக்கத் தோன்றும். வேண்டாம். அந்த வயதில் அது அரிது. தவிர, காதல் நகைச்சுவை அந்தப் பாரத்தைத் தாங்காது. அதைவிட நல்ல பயன், உமா தனக்கு அதுதான் வந்திருக்கிறது என்று தானே முடிவு கட்டுவது. கோமதி வந்து நாடித்துடிப்பை எண்ணிவிட்டு, "நேற்றிலிருந்து ஏதாவது சாப்பிட்டாயா?" என்று கேட்பது.

அறிவியல் தகவலை எப்போதும் நாயகியின் கவசமாகப் பயன்படுத்துங்கள். அழ முடியாதபோது அவள் ஆய்வுக்கட்டுரையை மேற்கோள் காட்டுகிறாள். "பதினைந்து பேர்தான் கலந்துகொண்டார்கள், மாதிரி மிகச் சிறியது" என்று அவள் உதடு துடிக்கச் சொல்லும்போது வாசகருக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் கிடைக்கிறது: ஆய்வின் எல்லையும் அவள் மனத்தின் எல்லையும். எந்த ஆய்வையும் கதைசொல்லியின் குரலில் உறுதியான உண்மையாக முழங்காதீர்கள். ஐயத்தை அவள் வாயில் வையுங்கள். அது நேர்மையும்கூட, ஒரு மூளைப்பகுதி கிளர்ந்தது என்பதை வைத்து மனிதர் என்ன உணர்ந்தார் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

எந்த வகை அழுகை என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. காதல் தோல்வியை நாம் இழவு என்று மட்டும் எழுதிப் பழகிவிட்டோம். இளிவு, அதாவது பிறர் முன் இழிவுபடுவது, அதைவிடக் கூர்மையானது. விலகிப்போனவனை இழந்ததற்காக அழுவது வேறு. அவன் போகப்போகிறான் என்பது தனக்குத் தவிர மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்காக அழுவது வேறு. நம் கதையில் உமா ரகுவுக்காக அழும் அழுகை ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வற்றிவிட வேண்டும். அக்காவுக்கு முன்பே தெரியும் என்று அறிந்தபின் வருவது இளிவின் அழுகை. அதற்குத்தான் நாவல் முழுவதும் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

மனமுறிவின் காலக்கணக்கையும் நகைச்சுவைக்குப் பயன்படுத்தலாம். பிரிவுக்குப் பின் எவ்வளவு துன்பப்படுவோம் என்று முன்கூட்டியே கேட்டால் மக்கள் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள், உண்மையில் அதைவிட விரைவாகவே தேறிவிடுகிறார்கள் என்று ஈஸ்ட்விக், ஃபிங்கல் முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உமா தன் துன்பத்துக்கு ஒரு வரைபடம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுகிறாள். எப்போது தேறுவாள் என்ற கோடு அடுத்த ஆண்டுவரை நீள்கிறது. கோமதி ஒவ்வொரு வாரமும் வந்து, தங்கையின் உண்மையான நிலையைச் சிவப்புப் பேனாவால் புள்ளி வைக்கிறாள். புள்ளிகள் கணிப்புக்குக் கீழேயே போய்க்கொண்டிருக்கின்றன. உமாவுக்கு அது அவமானமாக இருக்கிறது. இத்தனை சீக்கிரம் தேறினால் காதலித்ததே பொய்யா? இந்தக் கேள்வியைச் சிரிக்கச் சிரிக்க எழுத முடியும். அடியில் வலியும் இருக்கும்.

மாத்திரை விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம் தினமும் பாரசிட்டமால் எடுத்துக்கொண்டவர்கள் மனம் புண்பட்டதாகச் சொன்னது குறைந்தது என்று 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேட்கும்போதே நகைச்சுவைக் காட்சி கண்ணில் ஓடும். ஆனால் கதாபாத்திரம் அதை உண்மையாகவே செய்துபார்த்துத் தேறிவிடுவதாக எழுதாதீர்கள். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து அது. வாசகரில் யாரோ ஒருவர் அன்று இரவு உடைந்த மனத்தோடு படித்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாம் படி: நாயகன்

முரளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவன் நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. ஏதோ ஒரு வேலையில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும். கருவியின் பின்பக்கத்தைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, எந்த விசிறி தேய்ந்திருக்கிறது என்று சொல்பவன் காதலுக்குத் தகுதியானவன். உமாவின் துறையை அவன் கேலி செய்யக் கூடாது. அதை அவளைவிட நன்றாகப் புரிந்துகொண்டவனாகவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டாவது தவறு நிறைய நாவல்களைக் கெடுத்திருக்கிறது.

ஒரு சிறு செயலில் அவன் மனத்தைக் காட்டலாம். கரியமில வாயுவால் மயக்கிய ஈக்களைப் புதுக் குப்பியில் போட்டதும் குப்பியை நிமிர்த்தி வைக்கக் கூடாது. அவை விழிக்கும்வரை படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தினால் அடியிலுள்ள ஈரமான உணவில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். முதல் சந்திப்பில் முரளி தன் கருவிகளுக்கு இடம் வேண்டி ஒரு குப்பியை நிமிர்த்தி வைக்கிறான். உமா ஒன்றும் சொல்லாமல் அதைப் படுக்கவைக்கிறாள். பத்து அத்தியாயம் கழித்து, யாரும் கேட்காமலே அவன் ஒரு குப்பியைப் படுக்கவைக்கிறான். காதலைச் சொல்ல அதற்குமேல் வசனம் தேவையா?

ஆறாம் படி: சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

அதே மெய்ப்பாட்டியல் நகைக்கும் நான்கு காரணங்கள் தருகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளலைச் சகோதரிகளுக்குக் கொடுங்கள். அவர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. நமக்குப் பெரிதும் பயன்படுவது மடன். கற்றுக்கொண்டதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமல் நிற்பது என்று அதற்கு உரை சொல்வார்கள். தன் கருதுகோளைக் கைவிட மறுக்கும் விஞ்ஞானிக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை எங்கே கிடைக்கும்?

1974இல் டட்டன், ஏரன் என்ற இருவர் கனடாவில் உயரமான தொங்குபாலம் ஒன்றில் சோதனை நடத்தினார்கள். ஆடும் பாலத்தைக் கடந்த ஆண்களிடம் ஒரு பெண் கேள்வித்தாள் கொடுத்து, தன் தொலைபேசி எண்ணையும் தந்தாள். உறுதியான, தாழ்வான பாலத்தில் சந்தித்தவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் பிறகு அவளை அழைத்தார்கள். அச்சத்தால் வந்த படபடப்பை ஈர்ப்பு என்று மனம் தவறாகக் கணக்கெழுதிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். சாதாரண எழுத்தாளர் இதைப் பயன்படுத்திக் காதலர்களை மின்தூக்கியில் மாட்டிவிடுவார். உங்கள் நாயகிக்கோ இந்த ஆய்வு ஏற்கெனவே தெரியும். மின்தூக்கி நின்றதும் முரளியைப் பார்த்து அவள் இதயம் அடித்துக்கொள்கிறது. உடனே அவள் அதைத் தள்ளுபடி செய்கிறாள். மறுநாள் தரைத்தளத்தில், எந்த அபாயமும் இல்லாத இடத்தில், அவனைச் சந்திக்க ஏற்பாடு செய்கிறாள், ஒப்பீட்டுக்காக. அங்கேயும் அடித்துக்கொள்கிறது. படியிறங்கி வந்ததால் என்கிறாள். நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்தபின் மீண்டும் பார்க்கிறாள். தெரிந்த அறிவே அவளை முட்டாளாக்கும் இந்த வகைச் சிரிப்பு இந்த நாவலுக்கு மட்டுமே உரியது. தடுக்கி விழுவது எந்த நாவலிலும் நடக்கும்.

நகைச்சுவைக்கு ஒரே ஒரு தடையைத்தான் நான் விதிப்பேன். வலி பேசிக்கொண்டிருக்கும்போது கதைசொல்லி நகைச்சுவை சொல்லக் கூடாது, கதாபாத்திரங்கள் சொல்லலாம். சண்டைக் காட்சியில் கோமதி உரிமத்தைப் பற்றிச் சொன்னது அவளுடைய தற்காப்பு. அதையே கதைசொல்லி சொல்லியிருந்தால் வாசகர் கோபப்பட்டிருப்பார்.

ஏழாம் படி: அத்தியாயங்களை அடுக்குதல்

பழ ஈ 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈயாகப் பத்து நாள் போதும். அதையே உங்கள் நாட்காட்டியாக்கிக்கொள்ளலாம். ஒரு தலைமுறைக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்தால் எட்டுத் தலைமுறையில் இருபத்துநான்கு அத்தியாயம், கதைக்குள் ஏறக்குறைய மூன்று மாதம். காதல் முளைத்து, முறிந்து, மீள அது நம்பத்தகுந்த காலம்.

முதல் மூன்று அத்தியாயத்தில் ரகு போய்விட வேண்டும், இன்குபேட்டர் கெட்டுவிட வேண்டும், கோமதி தன் பெட்டியோடு தங்கை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நடுப்பகுதியில் காதல் வளரட்டும்; கூடவே கோமதியின் மறைப்பும் பக்கத்தில் நடந்துகொண்டே இருக்கட்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது உமா தன் ஆய்வில் நல்ல முடிவு வந்த மகிழ்ச்சியோடு ஓடிவர, அவள் விழுங்கிவிட வேண்டும். பதினெட்டில் சண்டை. சண்டையின் விளைவாகவே உமா முரளியையும் தள்ளிவிட வேண்டும். நம்பியவர்கள் எல்லோரும் எதையோ மறைக்கிறார்கள் என்ற அவசர முடிவு, இரண்டே எடுத்துக்காட்டை வைத்து. காதலர் பிரிவுக்குத் தனியாக ஒரு தவறான புரிதலைத் தேட வேண்டிய வேலை இப்படி உங்களுக்கு மிச்சமாகும்.

பதினெட்டிலிருந்து இருபத்தொன்றுவரை அவசரப்படாதீர்கள். சகோதரிகள் பேசிக்கொள்ளாத அத்தியாயங்கள் அவை. பேச்சில்லாத வீட்டில் இரண்டு பேர் எப்படி நடமாடுகிறார்கள், யார் முதலில் விளக்கை அணைக்கிறார்கள், குளிர்பதனப் பெட்டிக் கதவில் சிவப்புப் புள்ளி வைக்க அந்த வாரம் யாரும் வராதது, இவற்றையெல்லாம் எழுத இடம் வேண்டும்.

எட்டாம் படி: முடிவு

சமரசத்தின் வரிசை முக்கியம். சகோதரிகள் முதலில், காதலர்கள் பிறகு. மாற்றி வைத்தால், காதலன் கிடைத்த மகிழ்ச்சியில் அக்காவை மன்னித்ததாகிவிடும். மன்னிப்பின் மதிப்புக் குறைந்துவிடும். கோமதி மன்னிப்புக் கேட்கும்போது நீண்ட உரை வேண்டாம். தனக்கு நேர்ந்த பழைய மனமுறிவை, தேதிகளோடு, ஒன்றுவிடாமல் தங்கையிடம் சொல்லட்டும். இத்தனை காலம் மறைத்துவைத்த கணக்கேட்டைத் திறந்து காட்டுவதுதான் ஒரு தணிக்கையாளரின் மன்னிப்பு. கேட்டு முடித்த உமா என்ன சொல்வாள் என்பதை உங்கள் உமாதான் முடிவு செய்ய வேண்டும். என் உமா, "இதை எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்வியைத் தானே கேட்டதற்காகத் தலையில் அடித்துக்கொள்வாள்.

முரளியோடு சேரும் காட்சி சுருக்கமாக இருந்தாலும் குறையில்லை. குப்பியை நினைவில் வைத்திருங்கள். ஆய்வு வெற்றி பெற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உமாவின் கருதுகோள் பொய்த்துப்போகட்டும். அவள் அந்த எதிர்மறை முடிவை மறைக்காமல் வெளியிடட்டும். அக்காவோடு நடந்த சண்டைக்குப் பின் அவளால் வேறுமாதிரி நடந்துகொள்ள முடியாது.

ஒன்பதாம் படி: திருத்தம்

இரண்டு வாசிப்பு தேவை. முதல் வாசிப்பில் சகோதரிகளின் வசனங்களை மட்டும் தனியே எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு உரக்கப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றால் இருவரும் ஒருவராகவே இருக்கிறார்கள். முதலில் கோமதியின் வாக்கியங்களைக் குறுக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இரண்டாவது வாசிப்பை அந்தத் துறையில் உண்மையாகவே வேலை செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். முழு நாவலையும் தர வேண்டாம். ஆய்வகம் வரும் பக்கங்கள் போதும். "இதில் தவறு என்ன?" என்று கேட்டால் மரியாதைக்காக ஒன்றுமில்லை என்பார்கள். "இதைப் படித்து உங்கள் சகாக்கள் எங்கே சிரிப்பார்கள்?" என்று கேளுங்கள். ஆண் ஈயின் முன்காலில் இருக்கும் கருப்புச் சீப்புபோன்ற முடிவரிசையைப் பெண் ஈக்கு நீங்கள் கொடுத்திருந்தால் அப்போது தெரியவரும். வாயுவில் அதிக நேரம் வைத்த ஈக்கள் விழிக்கவே விழிக்காது என்பதும் தெரியவரும். திருத்தங்களோடு சேர்த்து அவர்கள் தங்கள் ஆய்வக வாழ்க்கையின் கதைகளையும் சொல்லத் தொடங்குவார்கள். அப்போது குறிப்பேடு கையில் இருக்கட்டும். கேட்ட கதையை நாவலில் பயன்படுத்த அவர்களிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.